ஊருக்காகக் கேட்கக் கற்றுக்கொண்டேன்

"இது ஏழை ஊர் இல்லை, ஆள் குறைந்த ஊர். இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி" என்றார் எங்கள் ஊர் நிதிக் குழுவின் தலைவி. நான் குழுவில் சேர்ந்த புதிது. அமெரிக்காவின் நடுவில் இருக்கும் நெப்ராஸ்கா மாநிலத்தில் 93 கவுண்டிகள் உண்டு. கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு; ஆனால் சில கவுண்டிகளின் மொத்த ஜனமே ஆயிரத்தைத் தொடாது. 1862-இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டம் குடும்பத்துக்கு 160 ஏக்கர் என்று கொடுத்து இங்கே ஆட்களைக் குடியேற்றியது. பானி, ஓமஹா, லகோட்டா என்று பல தொல்குடிகள் வாழ்ந்த நிலம் அது. அவர்களை அப்புறப்படுத்திவிட்டுத்தான் கொடுத்தார்கள். பிறகு டிராக்டர் வந்தது. வட்டமாகச் சுழன்று நீர் தெளிக்கும் 'சென்டர் பிவட்' வந்தது. பத்துக் குடும்பங்கள் பார்த்த வெள்ளாமையை ஒரு குடும்பமே பார்க்க முடிந்தது. மற்ற ஒன்பதும் ஊரைவிட்டுப் போயின. 1930-ஐ ஒட்டி இருந்த மக்கள்தொகையைப் பல கவுண்டிகள் அதன் பிறகு எட்டவே இல்லை. ஆனால் மண் இன்றும் மக்காச்சோளமும் சோயாவும் கொட்டுகிறது. அந்த மண்ணின் மதிப்பு ஒவ்வொரு சாவின் போதும் டென்வருக்கோ ஓமஹா நகரத்துக்கோ போய்விடுகிறது, பிள்ளைகள் அங்கே இருப்பதால்.

நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரி. கணவர் மருத்துவர். வெளிநாட்டிலிருந்து பயிற்சிக்கு வரும் மருத்துவர்களில் பலர் படிப்பு முடிந்ததும் இரண்டாண்டு சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. மருத்துவர் கிடைக்காத வட்டாரத்தில் மூன்றாண்டு வேலை பார்க்கச் சம்மதித்தால் அதிலிருந்து விலக்குக் கிடைக்கும். அப்படி வந்தோம். மூன்றாண்டு கழிந்த பிறகும் இருந்துவிட்டோம். நான் பி.காம். படித்தவள், ஊரில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அது தெரிந்துதான் தலைவி வீடு தேடி வந்தார். எழுபதைத் தாண்டியவர், கன்று ஈனும் பருவத்தில் இரவெல்லாம் தொழுவத்தில் நிற்கும் விவசாயி. "சம்பளம் இல்லை. மாதம் ஒரு கூட்டம். ஆனால் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது" என்றார். மூன்றும் உண்மை.

இந்த ஊர் நிதி என்பது என்ன? 1993-இல் தொடங்கிய நெப்ராஸ்கா சமூக அறக்கட்டளையின் தலைமை அலுவலகம் லிங்கன் நகரில் இருக்கிறது. சட்டப்படி அது ஒரே அறக்கட்டளை. அதன் குடையின் கீழ் மாநிலம் முழுக்க ஊருக்கு ஊர் தனித்தனி நிதிக் கணக்குகள். வருமானவரிக் கணக்கு, நன்கொடை ரசீது, முதலீடு, தணிக்கை எல்லாம் தலைமையகத்தின் பொறுப்பு. பணத்தை யாரிடம் கேட்பது, எதற்குக் கொடுப்பது என்பது அந்தந்த ஊரின் தன்னார்வக் குழுவின் பொறுப்பு. எங்கள் ஊர் நிதியும் இம்மாதிரி ஒன்றுதான். ஆயிரம் பேர் இருக்கும் ஊரால் தனியாக ஒரு அறக்கட்டளையைப் பதிவு செய்து, ஆண்டுதோறும் வரித்துறைக்குக் கணக்குக் காட்டி நடத்த முடியாது. அந்தச் சுமையை இறக்கிவைத்துவிட்டால், ஊர்க்காரர்களால் மட்டுமே செய்யக்கூடிய வேலைக்கு நேரம் கிடைக்கிறது. இந்த ஏற்பாட்டை யோசித்தவர்கள் கிராமத்தை நன்றாக அறிந்தவர்கள் என்றே நினைக்கிறேன்.

முதலில் தலைவி எனக்குக் கற்பித்தது அசலைப் பற்றி. வரும் நன்கொடையில் ஒரு பகுதி நிலைநிதியாக முதலீட்டில் நிற்கும். கடந்த சில ஆண்டுகளின் சராசரி மதிப்பில் 4 முதல் 5 சதவீதம் வரை மட்டும் ஆண்டுக்கு எடுத்துச் செலவிடுவது இத்தகைய அறக்கட்டளைகள் பலவற்றின் வழக்கம். மீதி வளர்ச்சி விலைவாசியை ஈடுகட்ட அப்படியே கிடக்கும். ஏன் சராசரி? 2008-இல் விழுந்ததுபோலச் சந்தை விழுந்தாலும் அந்த ஆண்டு ஊர் நூலகத்துக்குப் போகும் பணம் திடீரென்று பாதியாகிவிடக் கூடாது.

சோழர் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள் கொடுப்பார்கள். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். குட்டி பிறக்கும், கிழடு கழியும். கணக்கில் மட்டும் 96 குறையக் கூடாது. அதனால்தான் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லில் வெட்டிவைத்தார்கள். இதைத் தலைவியிடம் சொன்னபோது மாடு வளர்க்கும் அவருக்கு உடனே பிடித்துவிட்டது. அதன் பிறகு அசலில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமே என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோதெல்லாம் ஆட்டை நினைவுபடுத்தியது அவர்தான்.

அடுத்தது கேட்பது. இந்தத் தொழிலின் உயிரே அங்குதான் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகிவிடும். ரசீதுப் புத்தகத்தோடு போய் வாங்கிவர வேண்டியதுதான். கொடுக்காதவன் ஊருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த எனக்கு, ஒரு மனிதரின் எதிரில் உட்கார்ந்து அவர் தம் விருப்பத்தின் பேரில் மட்டும் கொடுக்கப்போகும் பணத்தைப் பற்றிப் பேசுவது முற்றிலும் வேறான வித்தையாக இருந்தது. தலைவி அதைச் சொல்லிக்கொடுத்தது குறைவு, கூட அழைத்துப்போய்க் காட்டியது அதிகம்.

கேட்கப் போகிறவர் தாம் முதலில் கொடுத்திருக்க வேண்டும் என்பது அவருடைய உடையாத விதி. மாதம் பத்து டாலராக இருந்தாலும் சரி, குழுவில் இருக்கும் ஒவ்வொருவரின் பெயரும் நன்கொடையாளர் பட்டியலில் இருக்கும். தனியாக யாரும் போகக் கூடாது, இருவராகப் போக வேண்டும். ஒருவர் பேச, மற்றவர் கவனிக்க. விதைப்புக் காலமான ஏப்ரல், மே மாதங்களில் யார் வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது. அறுவடை நடக்கும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் கூடாது. பிப்ரவரி, மார்ச்சில் மாடுகள் கன்று ஈனும், அப்போதும் கூடாது. மிச்சம் இருக்கும் நாட்களில் முதல் சந்திப்பில் பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்கக் கூடாது.

மனைவியை இழந்த ஒரு முதிய விவசாயி வீட்டுக்கு அவரோடு போனதுதான் எனக்கு முழுப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் இருவர், இருவரும் வெளியூரில். முதல்முறை போனபோது தலைவி கேட்டதெல்லாம் வீட்டுக்கு வடக்கே நிற்கும் மரவரிசையைப் பற்றித்தான். சமவெளியில் காற்றைத் தடுக்க வைத்த மரங்கள் அவை. யார் நட்டது, எந்த வருஷம், தண்ணீர் எங்கிருந்து கொண்டுவந்து ஊற்றினார்கள்? அவருடைய பாட்டி நட்டது என்று தொடங்கிய பேச்சு 1980-களின் விவசாய நெருக்கடிக்கு வந்து நின்றது. நிலத்தின் விலை சரிந்து, வட்டி ஏறி, வங்கிகள் கடனுக்குப் பண்ணைகளை ஏலம் விட்ட காலம். பக்கத்துப் பண்ணைக்காரர் எல்லாவற்றையும் இழந்து ஊரைவிட்டுப் போனதைச் சொல்லும்போது அவர் குரல் மாறியது. நாங்கள் காபி குடித்துவிட்டுத் திரும்பிவிட்டோம். வண்டியில் வரும்போது தலைவி சொன்னார்: "அவருக்கு இந்த ஊரின் மேல் என்ன கவலை என்று இன்று தெரிந்தது. நாம் கேட்கப்போவது அந்தக் கவலைக்காக. நம் பட்டியலில் இருக்கிற காரியத்துக்காக இல்லை."

அடுத்த குளிர்காலத்தில் மறுபடி போனோம். இளம் குடும்பங்கள் ஊரில் தங்குவதற்கு ஒரு நிதி தொடங்க நினைக்கிறோம், நீங்கள் அதன் முதல் நன்கொடையாளர்களில் ஒருவராக வேண்டும் என்று தொகையையும் சேர்த்துத் தெளிவாகச் சொன்னார் தலைவி. அதன் பிறகு பேசவில்லை. சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மௌனத்தில் இடையில் புகுந்து "உங்களுக்குச் சிரமம் என்றால் குறைத்துக்கொள்ளலாம்" என்று சொல்லத்தான் எவருக்கும் தோன்றும். அப்படிச் சொல்வது எதிரில் இருப்பவர் யோசிக்கும் உரிமையைப் பறிப்பது என்று தலைவி முன்பே எச்சரித்திருந்தார். பெரியவர் வாய் திறந்தபோது தொகையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "ஐம்பது வருஷம் கழித்து இந்த ஊருக்கு இது தேவைப்படாமல் போனால் என் பணம் என்ன ஆகும்?" என்றார்.

சமூக அறக்கட்டளை என்ற அமைப்பு பிறந்ததே இந்தக் கேள்வியிலிருந்துதான். 1914-இல் கிளீவ்லாந்து நகரில் ஃபிரெடெரிக் காஃப் என்ற வங்கியாளர் இதற்கு ஒரு வழி கண்டார். பணக்காரர்கள் இன்ன காரியத்துக்கு மட்டும் என்று உயில் எழுதிவைத்துவிட்டு இறந்துபோவார்கள். காலம் மாறி அந்தக் காரியமே இல்லாமல் போகும். பணமோ நகர முடியாமல் வங்கியில் கிடக்கும். பல நன்கொடைகளை ஒரே அமைப்பில் சேர்த்து, அந்தந்தக் காலத்தில் ஊரில் வாழ்கிறவர்களின் குழு ஒன்று தேவையறிந்து செலவிடட்டும் என்றார் காஃப். உலகின் முதல் சமூக அறக்கட்டளை அப்படித்தான் தொடங்கியது. பெரியவரிடம் தலைவி இந்த வரலாற்றைச் சொல்லவில்லை. "அன்றைக்கு இந்த ஊரில் இருக்கிறவர்கள் முடிவு செய்வார்கள். எங்களைப் போல நாலு பேர் இருப்பார்கள்" என்றார். "இருப்பார்கள் என்று எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டபோது, என்னைக் காட்டி, "அதற்குத்தான் இவளைக் கூட்டி வந்திருக்கிறேன்" என்றார்.

அவர் அந்த ஆண்டு மக்காச்சோளமாகக் கொடுத்தார். தானியத்தை நன்கொடையாகக் கொடுப்பது இங்கே விவசாயிகளிடம் உள்ள நல்ல வழக்கம், அதன் நுட்பம் தெரிந்துகொள்ளத் தக்கது. விவசாயி விளைச்சலை விற்றுப் பணமாகக் கொடுத்தால், அது முதலில் அவருடைய வருமானக் கணக்கில் ஏறும், வரி விழும். மாறாக, எலிவேட்டர் எனப்படும் தானியக் கிடங்கில் லோடு இறங்கும்போதே உரிமையை அறக்கட்டளைக்கு மாற்றிவிட்டால், விற்பவர் அறக்கட்டளை ஆகிவிடும். அவர் கணக்கில் அந்த வருமானம் வராது. கிடங்கு ரசீது அறக்கட்டளையின் பெயரில் இருக்க வேண்டும். எப்போது விற்பது என்ற உத்தரவும் அறக்கட்டளையிடமிருந்துதான் வர வேண்டும், விவசாயி ஃபோன் செய்து விற்கச் சொன்னால் அது செல்லாது. எடைச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்று சரிபார்ப்பது என் வேலையாயிற்று. ஒவ்வொரு நன்கொடையாளரையும் தம் வரி ஆலோசகரைக் கலந்துகொள்ளச் சொல்லி அனுப்புவதும் எங்கள் வழக்கம்.

நிலத்தைப் பற்றி அவரிடம் நாங்கள் இன்னும் கேட்கவில்லை. நிலத்தை எழுதிவைத்துவிட்டு ஆயுள் முழுக்கத் தாமே உழுது அனுபவிக்கும் வழியும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்தப் பேச்சு பிள்ளைகள் ஊருக்கு வரும்போது அவர்கள் முன்னிலையில்தான் நடக்க வேண்டும் என்பது தலைவியின் உறுதி. பெற்ற பிள்ளைகளுக்குத் தெரியாமல் வாங்கிய நன்கொடை ஊரில் பகையைத்தான் வளர்க்கும். எல்லாவற்றையும் கொடுக்கச் சொல்லி யாரையும் கேட்பதும் இல்லை. ஏக்கர் ஐயாயிரம் டாலர் என்று வைத்தால் 160 ஏக்கரின் மதிப்பு எட்டு லட்சம் டாலர். அதில் 5 சதவீதம், அதாவது 40,000 டாலரை ஊருக்கு ஒதுக்கினால் பிள்ளைகளுக்குப் பெரிய குறை வராது. இருபது குடும்பங்கள் அப்படிச் செய்தால் நிலைநிதி எட்டு லட்சம் ஆகும். நாலரை சதவீதம் எடுத்தால் ஆண்டுக்கு 36,000 டாலர், வருஷா வருஷம், ஊர் இருக்கும்வரை. இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டும்போது விவசாயிகளின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

கொடுப்பது எளிது என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கலாம். எங்களிடம் வரும் விண்ணப்பங்கள் கேட்கும் தொகையோ ஊரின் கையில் இருப்பதைவிட எப்போதும் அதிகம். தீயணைப்புப் படைக்குப் புதிய உடை வேண்டும். சிற்றூர்களில் தீயணைப்பவர்களும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்தான். கல்லறைத் தோட்டத்துக்குப் புல்வெட்டும் இயந்திரம் வேண்டும். நீச்சல் குளத்துக்குப் பம்பு வேண்டும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தலைவி கேட்கச் சொன்ன கேள்வி ஒன்றுதான்: "அடுத்த வருஷம் இதை யார் பார்த்துக்கொள்வது?" குழந்தைக் காப்பகம் ஒன்று விளையாட்டுச் சாமான்களுக்குப் பணம் கேட்டு எழுதியிருந்தது. நேரில் போய்ப் பேசியபோது, சம்பளம் கட்டுப்படியாகாமல் ஆயாக்கள் வேலையை விட்டுப் போவதுதான் அவர்களுடைய உண்மையான துன்பம் என்று தெரிந்தது. காப்பகம் மூடினால் இளம் தாய் ஒருத்தி மருத்துவமனை வேலையை விட வேண்டிவரும். அந்தக் குடும்பமே ஊரைவிட்டுப் போகும். விண்ணப்பத்தை மாற்றி எழுத நாங்களே உதவினோம். தாளில் எழுதியிருப்பதை மட்டும் படித்து முடிவு செய்கிறவர் இந்த வேலைக்கு ஆகமாட்டார்.

சின்ன ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் உறவு. ஆகவே, ஒரு விண்ணப்பத்தில் தமக்கோ தம் குடும்பத்துக்கோ சம்பந்தம் இருந்தால் குழு உறுப்பினர் அதைச் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியேற வேண்டும். அவர் வெளியேறியது நடவடிக்கைக் குறிப்பிலும் ஏறும். தலைவியே தம் பேரன் சம்பந்தப்பட்ட விண்ணப்பம் வந்தபோது எழுந்து வெளியே போய், பனி கொட்டும் வாசலில் காத்திருந்தார். உள்ளே நாங்கள் அதை ஏற்கவில்லை. அவர் திரும்பி வந்து காரணம் கேட்கவும் இல்லை. இப்படிப்பட்டவர் ஒருவர் குழுவில் இருந்தால் ஊர் அந்தக் குழுவை நம்பும். கல்வி உதவித்தொகையிலும் இதே கண்டிப்பு உண்டு. பணம் கொடுத்த குடும்பம் மாணவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவைத் தன் பிடியில் வைத்திருக்க முடியாது. 2006-இல் வந்த சட்டத் திருத்தம் இதை மேலும் இறுக்கியது. எனக்கு இதில் ஒரு சொந்தக் கருத்து உண்டு, கூட்டத்திலும் அதைச் சொல்லிவருகிறேன்: ஊரைவிட்டுப் போகிற பிள்ளைக்கு உதவித்தொகை கொடுக்கும் நாம், படித்து முடித்து ஊருக்குத் திரும்பி வருகிற பிள்ளையின் கல்விக்கடனை அடைக்கவும் அதே அளவு கொடுக்க வேண்டும்.

தலைவி என்னைத் தேடி வந்ததற்குக் கணக்கு மட்டும் காரணம் இல்லை என்பது பின்னால் தெரிந்தது. குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் பழைய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், எல்லோருக்கும் வயதாகிவிட்டது; புதிதாகக் குடிவந்தவர்களும் குழுவில் வேண்டும் என்று அவர் நினைத்தார். நெப்ராஸ்காவின் லெக்சிங்டன், ஸ்கைலர் போன்ற ஊர்களில் இறைச்சித் தொழிற்சாலை வேலைக்கு வந்து குடியேறிய ஸ்பானிய மொழிக் குடும்பங்கள்தான் இன்று பெரும்பான்மை. ஆள் குறைந்துகொண்டே போகும் மாநிலக் கிராமப்புறத்தில் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை நிரப்பியது அவர்கள்தான். எங்கள் ஊருக்கும் அப்படிச் சிலர் வந்திருக்கிறார்கள். குவாத்தமாலாவிலிருந்து வந்து பலசரக்குக் கடை நடத்தும் ஒரு பெண்ணைக் குழுவுக்கு அழைக்கும் பொறுப்பைத் தலைவி எனக்குக் கொடுத்தார். காலையில் நடக்கும் கூட்டத்துக்குத் தன்னால் வர முடியாது, கடையைத் திறக்க வேண்டும் என்றாள் அவள். காலைக் கூட்டம் எத்தனையோ ஆண்டுப் பழக்கம். இரவுக்கு மாற்றினோம். வந்த சில மாதங்களிலேயே அவள், கடைக்கு வரும் குடும்பங்களிடம் டாலர் டாலராகச் சேர்த்து ஊர் நிதிக்கு ஒரு தொகை கொண்டுவந்தாள். அந்தக் குடும்பங்களிடம் அதுவரை யாரும் கேட்டதே இல்லை.

பதவிக்காலம் முடிந்து தலைவி இப்போது குழுவில் இல்லை. காலவரம்பை ஏற்படுத்தியதே அவர்தான், தமக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கூட்டங்களை நானும் இன்னொருவரும் நடத்துகிறோம். மேல்நிலைப் பள்ளி மாணவர் ஒருவருக்கும் ஓட்டுரிமையோடு இடம் கொடுத்திருக்கிறோம். நன்கொடை கேட்கப் போகும்போது அவரையும் அழைத்துப் போகிறேன், தலைவி என்னை அழைத்துப் போனதைப் போல.

தமிழ்நாட்டின் கிராமங்களிலிருந்து வெளியூரும் வெளிநாடும் போய் வாழும் நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நம்மில் பலர் சொந்த ஊர்ப் பள்ளிக்கும் கோயிலுக்கும் பணம் அனுப்புகிறோம். அனுப்பும் பணம் அந்த ஆண்டிலேயே சுண்ணாம்பாகவும் பெஞ்சாகவும் செலவாகிவிடுகிறது, அடுத்த ஆண்டு மறுபடி கேட்கிறார்கள். அதில் ஒரு பங்கையாவது அசலாக நிறுத்துங்கள். பதிவு பெற்ற அறக்கட்டளை ஒன்றில் தொடாத நிதியாக வையுங்கள். இந்தியக் குடியுரிமையை விட்டவர்கள் அனுப்பினால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அந்த அறக்கட்டளை பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். எதற்குச் செலவிடுவது என்பதை ஊரில் இருக்கிறவர்களே தீர்மானிக்கட்டும், அந்தக் குழுவில் எல்லாத் தெருக்காரர்களும் பெண்களும் இருக்கட்டும். பணம் சேரும் முன்பே அந்த நாலு பேரைத் தேடத் தொடங்குங்கள்.